நான்கு சுவருக்குள் ஓர் அழுகுரல்

அத்தியாயம் 6

பிரபு வாரினின் கோட்டையில் விருந்தாளிகளை வரவேற்க நான்கு நாய்களை அவிழ்த்து விட்டிருந்தார்கள்.

பெர்க்கின் கோவேறு கழுதையின் முதுகிலேயே இரண்டு கால்களையும் மேலே மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நாற்பத்தைந்து வயது, உச்சந்தலையில் வட்டமாக மழித்த குமாஸ்தா மொட்டை, முன்னால் ஒரு தொந்தி. அந்தத் தொந்திக்கு முன்னால் எழுத்துப் பெட்டியைக் கேடயமாகப் பிடித்திருந்தான்.

"ஐயா, ராஜா நம்மள விசாரணைக்கு அனுப்பிச்சாரா, இல்ல நாய்க்கு இரை போட அனுப்பிச்சாரா?"

"ரெண்டும் ஒரே செலவுல முடியட்டும்னு நினைச்சிருப்பாரு," என்றான் ஆஸ்பர்ட். செத்துப்போன பிரபுக்களின் நிலம் யாருக்குப் போகவேண்டும் என்று விசாரித்து முத்திரை வைக்கும் ராஜாங்க அதிகாரி அவன். பெர்க்கினைவிடப் பத்து வயது இளையவன். எந்நேரமும் அரைத்தூக்கத்தில் இருப்பவன் போல முகம். அந்த முகத்தை நம்பி ஏமாந்தவர்களின் பட்டியல் பெர்க்கினின் பெட்டியிலேயே இருந்தது.

"யோவ், நாயைக் கட்டுய்யா!" என்று பெர்க்கின் கத்தினான்.

வாசலில் நின்ற காரியஸ்தன் ட்ரோகோ பல் குத்திக்கொண்டே சிரித்தான். "கட்டத்தான் போறேன். அதுங்க கொஞ்சம் மோந்து பார்க்கட்டும். நாளைக்கு அடையாளம் தெரியணும்ல?"

விவகாரம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன் வாரினின் மனைவி ஏவிஸ் பிரசவத்தில் இறந்தாள். குழந்தையும் அன்றே போய்விட்டது. ஆல்டர்மீட் என்ற செழிப்பான ஊர் ஏவிஸுக்குத் தகப்பன் வழியில் வந்த சொத்து. அந்த நாட்டு வழக்கப்படி, மனைவி செத்தாலும் அவள் நிலத்தைக் கணவன் தன் ஆயுள் முழுக்க அனுபவிக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அவளுக்குக் குழந்தை உயிரோடு பிறந்திருக்க வேண்டும், அதன் அழுகுரல் நான்கு சுவருக்குள் கேட்டிருக்க வேண்டும். கேட்டதாகச் சத்தியம் செய்பவர்கள் ஆண்களாக இருக்க வேண்டும், ஏனென்றால் ராஜாவின் சபையில் இந்த விஷயத்துக்குப் பெண் பேச்சு ஏறாது. பிரசவ அறைக்குள்ளோ ஆண் நுழையக்கூடாது. ஆண்கள் போகவே கூடாத அறையில் நடந்ததற்கு ஆண்கள்தான் சாட்சி. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனை ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும் என்று பெர்க்கினுக்கு நெடுநாள் ஆசை.

குழந்தை அழவில்லை என்றால் ஆல்டர்மீட் ஏவிஸின் தங்கை ஐடோனியாவுக்குப் போகும். அழுதது என்றால் அவள் நடுத்தெருவில். அதோடு விடுவதாகவும் வாரின் இல்லை. தீர்ப்பு அவன் பக்கம் வந்த மறுநாளே அவளை ட்ரோகோவுக்குக் கட்டிவைக்க ஏற்பாடு. வாரின் செத்தபிறகு நிலம் அவளுக்குத்தான் வரும், அப்போதும் அது கைவிட்டுப் போகக்கூடாதே! இன்று மத்தியானம் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் கூடி, குழந்தை அழுததா இல்லையா என்று சத்தியம் செய்து சொல்லப்போகிறார்கள். அதற்குள் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கூடத்தில் வாரின் கோழிக் காலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"வாய்யா, ராஜாவோட மோப்ப நாயே! சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும்தான் வருவியாமே? பொணம் தின்னிக் கழுகாவது முன்னாடியே வந்து சுத்தும். நீ அதைவிடச் சோம்பேறி."

"நிதானமா சாப்பிடுங்க பிரபு," என்றான் ஆஸ்பர்ட் கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "மத்தியானத்துக்குள்ள முடிச்சிடறேன்."

"என்னத்தை முடிக்கப்போற? அழுதான் என் பையன். நாலு பேர் கேட்டிருக்கானுங்க. எழுதிட்டு இடத்தைக் காலி பண்ணு."

வாரினின் பக்கத்தில் சீமாட்டி அமபெல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஊர் விதவை, முப்பது வயது, வெள்ளை முக்காடு, முன்னால் வைத்த ரொட்டியைத் தொடவே இல்லை. அவளுக்கு மூன்று ஊர் சொத்து. சொத்துள்ள விதவையைக் கட்டிக்கொடுக்கும் உரிமை ராஜாவுக்கு, அதனால் அவளை வாரினுக்குக் கொடுத்துவிட்டார். அவளைக் கேட்டா கொடுத்தார்? மாட்டைக் கேட்டா சந்தையில் விற்கிறார்கள்? கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு முறை வாசித்தாயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை, மறுநாள் கல்யாணம். அதைத் தவறவிட்டால் தவக்காலம் குறுக்கே வந்துவிடும், ஈஸ்டர் வரை கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது.

"பொண்டாட்டி செத்து மூணு மாசம்," என்று பெர்க்கின் ஆஸ்பர்ட்டின் காதில் முணுமுணுத்தான். "அதுக்குள்ள மாப்பிள்ளை! எனக்குத்தான் கொடுத்து வைக்கல."

"அந்த மாவு மில்காரன் விதவையா? இன்னும் மறக்கலையா நீ?"

"எப்படி ஐயா மறக்கறது? அவ பிள்ளைக்கு ஞானத்தகப்பனா நின்னு தொலைச்சேன். புருஷன் போனதும் ஆசையா போய்க் கேட்டா, ஊர்க் கோயில் சாமியார் சொல்றாரு, ஞானஸ்நானத் தண்ணியிலேருந்து பிள்ளையைத் தூக்கினவனுக்கும் பிள்ளையோட அம்மாவுக்கும் இனிமே அண்ணன் தங்கச்சி உறவாம். ஒரு கிண்ணம் தண்ணி ஐயா. என் குடித்தனமே அதுல முழுகிப்போச்சு."

"சாட்சிகளைக் கூப்பிடு," என்றான் ஆஸ்பர்ட்.

சாட்சிகள் நான்கு பேர்: ட்ரோகோ, வல்லூறு வளர்ப்பவன், சமையற்காரன், குதிரைக்காரன். ஒவ்வொருவரையும் தனியாகப் பண்டக அறைக்குக் கூட்டிப்போய் விசாரித்தார்கள். ட்ரோகோ சொன்னான், "மூணு தடவை அழுதுச்சு. கணீர்னு, கோயில் மணி மாதிரி." வல்லூறுக்காரன் சொன்னான், "மூணு தடவை. கோயில் மணி மாதிரி." சமையற்காரன் கரண்டியோடு வந்து மணி அடித்துவிட்டுப் போனான். குதிரைக்காரன் கோயிலை மறந்துவிட்டுக் கொஞ்சம் திணறி, அப்புறம் ஞாபகம் வந்து சொன்னான்.

"நாலு பேருக்கும் சேர்த்து ஒரே நாக்கு," என்றான் பெர்க்கின். "முறை வெச்சு வாயில மாட்டிக்கறானுங்க."

"பொய்னு தெரியுது. தெரிஞ்சு என்ன செய்ய? ஒரே மாதிரி சத்தியம் பண்ணக்கூடாதுன்னு சட்டம் இல்லையே." ஆஸ்பர்ட் கூடத்தின் கோடியிலிருந்த பிரசவ அறைக் கதவைத் தட்டிப் பார்த்தான். கனமான ஓக் மரம், உள்பக்கம் தடித்த திரை. "உள்ளே குழந்தை அழுதா வெளிய கேக்குமான்னு பார்த்துடலாம். போ, அழு."

"யாரு, நானா?"

"உன் சம்பளத்தை நினைச்சுக்கோ. அழுகை தானா வரும்."

பெர்க்கின் உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. திரை விழுந்தது. இரண்டு நொடி அமைதி. அப்புறம் தொட்டிலில் கிடக்கும் பச்சைப் பிள்ளை வீறிடுவது போல ஒரு சத்தம் கூடம் முழுக்கப் பரவியது. வேலைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ட்ரோகோ மேசையைத் தட்டினான். "பால் கொடுங்கடா குமாஸ்தாவுக்கு!"

வாரின் மட்டும் சிரிக்கவில்லை. கோழி எலும்பை ஆஸ்பர்ட்டின் காலடியில் எறிந்தான். "கேட்டுச்சில்ல? நீயே நிரூபிச்சிட்ட. இப்ப எழுது."

வெளியே வந்தபோது பெர்க்கினின் காது இரண்டும் சிவந்திருந்தது. "அந்தப் பொண்ணுக்கு உதவி பண்ண வந்தோமா, குழி தோண்ட வந்தோமா?"

"குழின்ன உடனே ஞாபகம் வருது," என்றான் ஆஸ்பர்ட். "வா, குழியைப் பார்ப்போம்."

கோயில் கல்லறைத் தோட்டத்தில் பனி உருகிச் சேறாகியிருந்தது. சுற்றுச்சுவருக்கு உள்ளே ஒரு பெரிய மண்மேடு, அதை ஒட்டி ஒரு முழ நீளத்தில் சின்ன மேடு. பக்கத்தில் ஒரு பெண் கம்பளிப் போர்வையை இறுக்கிக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வயது. ஐடோனியா என்று யாரும் சொல்லவேண்டிய அவசியமில்லை, முறைப்பிலேயே தெரிந்தது.

"அழுது காமிச்சீங்களாமே? ஊரே சிரிக்குது. நீங்களும் அவன் போட்ட எலும்பைப் பொறுக்கிட்டுப் போற ஆளுங்கதான்."

"எலும்பு எங்க காலுக்குத்தான் வந்துச்சு, வாய்க்கு வரலை," என்றான் பெர்க்கின்.

ஆஸ்பர்ட் கேட்டான், "அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்கம்மா?"

"கல்யாணம் ஆகாதவளை அந்த அறைக்குள்ள விடுவாங்களா? சாமியைக் கூட்டிட்டு வரச் சொல்லி அனுப்பினாங்க. ஆத்துல வெள்ளம். வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு உயிரும் போயிடுச்சு." போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "அவன் அங்க இல்லவே இல்ல. அக்கா துடிச்சிட்டு இருக்கறப்ப காட்டுக்கு வேட்டைக்குப் போனான். சாட்சி சொல்ற நாலு பேரையும் கூட்டிக்கிட்டுத்தான் போனான். சாயங்காலம் வந்தப்ப இடுப்புல மூணு முயல் தொங்குச்சு. நான் பார்த்தேன். ஆனா நான் பார்த்தது உங்க சபையில ஏறாது. அக்கா உட்கார்ந்த நாற்காலியில இப்ப அந்த அமபெல் உட்கார்ந்து சாப்பிடறா. அக்காவோட சிநேகிதியாம், தூ!"

அவள் போய்விட்டாள். அப்போதுதான் சாமியார் ஹேமோ கோயில் கதவிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒல்லியான மனிதர். பிரபுவின் பெயரைக் கேட்டாலே இருமல் வந்துவிடும்.

"சாமி, ஞானஸ்நானம் வாங்காத குழந்தையைச் சுவருக்குள்ள புதைக்க முடியுமா?" என்றான் ஆஸ்பர்ட்.

"முடியவே முடியாது. மந்திரிச்ச மண்ணாச்சே."

"இதை உள்ள புதைச்சிருக்கீங்க."

சாமியார் இருமினார். "கண்ட்ரெட் சொன்னா, ஐயா. மருத்துவச்சி. சாமி வர்றதுக்குள்ள ஆபத்துக்குத் தானே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் கொடுத்துட்டேன்னு சொன்னா. அவ மத்த விஷயத்துல எப்படியோ, இதுல பொய் சொல்ல மாட்டா. நான் வேற ஒண்ணும் விசாரிக்கல, பிரபு அவசரப்படுத்தினாரு. பேரைக்கூடக் கேக்கல."

அவர் உள்ளே போனதும் பெர்க்கின் சின்ன மேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அப்ப குழந்தை உயிரோடதான் பிறந்திருக்கு," என்றான். "செத்த பிள்ளைக்கு எவளும் தண்ணி ஊத்த மாட்டா. அந்தப் பாவி சொல்றது நிஜமாயிடுச்சே ஐயா. பொண்ணு போச்சு."

ஆஸ்பர்ட் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். "உயிரோட பிறக்கறது வேற. அழறது வேற. மருத்துவச்சி வீடு எங்க?"

கண்ட்ரெட்டின் வீடு ஆற்றோரம். கதவைப் பாதி திறந்தவள், கையில் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியோடு வழியை அடைத்து நின்றாள். ஐம்பது வயது, கடப்பாரை போல் உடம்பு.

"அழுதுச்சா இல்லையான்னு கேக்கத்தானே வந்தீங்க? பொம்பளை பேச்சு உங்க சபையில ஏறாது. ஏறாத பேச்சைப் பேசி நான் எதுக்கு என் கூரையை எரிச்சுக்கணும்? ட்ரோகோ நேத்திக்கே பந்தத்தோட வந்து நின்னுட்டுப் போனான். போங்க!"

"அதைக் கேக்கல," என்றான் ஆஸ்பர்ட். "உங்களுக்கு எத்தனை கை?"

"என்னய்யா கேள்வி இது?"

"ரெண்டுதானே? தாய்க்கு ரத்தம் நிக்கல. ஒரு கை அவங்க மேல. தண்ணி ஊத்த இன்னொரு கை. அப்ப குழந்தை யார் கையில இருந்துச்சு? அந்த அறையில வேற யார் இருந்தா?"

கண்ட்ரெட்டின் வாய் திறந்தது. மூடியது. அப்புறம் கதவும் மூடியது. அது மூடிய வேகத்தில் கூரையிலிருந்து பனி பெர்க்கினின் மொட்டையில் விழுந்தது.

"பதில் கிடைச்சிடுச்சு," என்றான் ஆஸ்பர்ட்.

"உங்களுக்குக் கிடைச்சிடுச்சு. எனக்குப் பனிதான் கிடைச்சுது. என்ன பதில்?"

"பெரிய வீட்டுப் பிரசவத்துக்குச் சிநேகிதிங்க துணைக்குப் போறது வழக்கம். வா, நேரமாச்சு."

அதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழியெல்லாம் பெர்க்கின் அவனைத் திட்டிக்கொண்டே வந்தான், மனதுக்குள்.

மத்தியானம் கூடம் நிறைந்திருந்தது. பன்னிரண்டு ஊர்க்காரர்களும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எல்லோரும் வாரினின் ஆற்றில் மீன் பிடிப்பவர்கள், வாரினின் காட்டில் விறகு பொறுக்குபவர்கள். பதினோரு பேர் தரையைப் பார்த்தார்கள். பன்னிரண்டாமவனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதால் கூரையைப் பார்த்தான். ஐடோனியா சுவரோரம் தனியாக நின்றாள். அமபெல் வாரினின் பக்கத்து நாற்காலியில். நான்கு சாட்சிகளும் வரிசையாக வந்து கோயில் மணியை அடித்துவிட்டுப் போனார்கள்.

"எனக்குச் சந்தேகமே இல்ல," என்றான் ஆஸ்பர்ட். பெர்க்கினின் பேனா நின்றது. "அழுகை கேட்டதாவே எழுதிடலாம். ஆனா வெஸ்ட்மின்ஸ்டர்ல ராஜா சபையில இருக்கறவங்க துருவித் துருவிப் பார்ப்பாங்க. குழந்தைக்குப் பேர் என்ன, பிரபு?"

"வாரின்," என்றான் வாரின் உடனே. "என் பேர். என் அப்பன் பேர்."

"ஞானஸ்நானத்துல வெச்ச பேரா?"

"பின்னே? மருத்துவச்சி ஆபத்துக்குத் தண்ணி ஊத்தினா. சாமியைக் கேளு."

சாமியார் இருமினார்.

ஆஸ்பர்ட் பெருமூச்சு விட்டான். "இதுதான் சங்கடம். ஒரு பிரபுவோட ஒரே வாரிசு. அவனை ஏந்தித் தூக்கப் பேருக்கு ஒரு ஞானத்தாய்கூட இல்லாம, ஆத்தங்கரை கண்ட்ரெட் கையால தண்ணி வாங்கிட்டுப் போனான்னு எழுதினா, படிக்கறவங்க நம்ப மாட்டாங்க. நம்பினாலும் சிரிப்பாங்க. மாட்டுக்கொட்டாய்ல பிறந்த பிள்ளைக்குக்கூட ஏந்த நாலு பேர் இருப்பாங்களேன்னு கேப்பாங்க. தகுந்தவங்க யாராவது ஏந்தினாங்கன்னு இருந்தா அசைக்கவே முடியாது. இல்லன்னா..."

பெர்க்கினுக்கு நெஞ்சு எரிந்தது. விற்றுவிட்டான்! பத்து வருஷம் ஒன்றாகத் திரிந்த மனுஷன், ஒரு கோழிக்கால்கூட வாங்காமல் ஒரு பெண்ணின் பிழைப்பை விற்றுவிட்டான். சுவரோரம் ஐடோனியாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

வாரினின் முகமோ பீட்ரூட்டாகிவிட்டது. "என் மகன் நாதியத்துப் போகலை! மூணு ஊர் சீமாட்டி ஏந்தினாங்கய்யா! இதோ உட்கார்ந்திருக்காங்களே, அமபெல், இவங்கதான் தண்ணியிலேருந்து தூக்கினாங்க. எழுதிக்கோ!"

"பிரபு, ஒரு நிமிஷம்..." என்றார் சாமியார்.

"குறுக்க பேசாத."

"பிரபு, அப்படிச் சொல்லக்கூடாது, அது வந்து..."

"வாயை மூடுய்யா சாமி! உனக்குச் சோறு போடறது நானா, போப்பாண்டவரா?" அவரை முழங்கையால் நெட்டித் தள்ளிவிட்டு வாரின் வேதப்புத்தகத்தின் மேல் கையை அறைந்தான். "சத்தியமா சொல்றேன். அமபெல்தான் ஞானத்தாய். போதுமா?"

"எழுது பெர்க்கின்," என்றான் ஆஸ்பர்ட்.

பெர்க்கின் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான். 'ஞானத்தாய்' என்ற சொல்லின் பாதியில் அவன் கை நின்றது. மாவு மில்காரன் விதவை, அவள் கன்னத்துக் குழியோடு, கண் முன்னால் வந்து நின்றாள். பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை காகிதத்தில் விழுந்தது. அவன் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் சிரித்துவிடுவான்.

"முடிச்சாச்சா? ரொம்ப நல்லது." ஆஸ்பர்ட் இப்போதுதான் கண்ணை முழுசாகத் திறந்தான். "சாமி, ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை வாசிக்க வேண்டாம். இந்தச் சத்தியத்துக்கு ஒரு நகல் பிஷப்புக்கு அனுப்பிடறேன்."

"எதுக்கு?" என்றான் வாரின்.

கடைசியில் சாமியார்தான், எட்ட நின்றுகொண்டு, சொன்னார். "அதைத்தான் சொல்ல வந்தேன் பிரபு. பிள்ளையைப் பெத்தவருக்கும் அதை ஏந்தின ஞானத்தாய்க்கும் கூடப்பிறந்த உறவு. கல்யாணம் கூடாது. போப்பாண்டவரே நினைச்சாலும் லேசுல ஆகாது."

கூடத்தில் யாரோ களுக்கென்றார்கள். வாரின் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது.

"அவங்க ஏந்தலை," என்றான் வாரின். "தப்பா சொல்லிட்டேன். அதை மட்டும் அடிச்சிடு."

"புத்தகத்துல கை வெச்சுச் சொன்னதுல பாதி பொய்னா, மீதிப் பாதியை இந்தப் பன்னிரண்டு பேர் எப்படி நம்புவாங்க? சரி, நம்பறாங்கன்னே வெச்சுக்குவோம். உயிரோட ஒரு பிள்ளை, அதுக்கு ஞானஸ்நானம்னு எழுதினா பிஷப் ஆளுங்க வருவாங்க. யார் ஏந்தினாங்கன்னு விசாரிப்பாங்க. அவங்க சபையில பொம்பளை பேச்சும் ஏறும். அந்த அறையில இருந்த ரெண்டு பேரையும் சிலுவை முன்னாடி நிறுத்திக் கேப்பாங்க. தவக்காலம் வந்துடும், ஈஸ்டர் போயிடும். அதுக்குள்ள ராஜா மனசு மாறி சீமாட்டியை வேற யாருக்காவது கொடுத்துடுவாரு." ஆஸ்பர்ட் தோளைக் குலுக்கினான். "பிள்ளை அழவே இல்லன்னா, நம்ம சபைக்கும் வேலை இல்ல, அவங்களுக்கும் வேலை இல்ல. உங்க இஷ்டம், பிரபு."

ஒரு பக்கம் ஒரு ஊர். இன்னொரு பக்கம் மூன்று ஊர். வாரினுக்குத் தாடை அசைந்தது. அவன் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"அழலை," என்றான். "யாரும் கேக்கலை. நாங்க வேட்டைக்குப் போயிருந்தோம்."

"நாலு பேருமா?"

"நாலு பேரும்தான்! போதுமாடா நாயே?"

ட்ரோகோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாரின் கையிலிருந்த கோப்பை அவன் நெஞ்சில் பட்டு உருண்டது. பன்னிரண்டு பேரும் தலையைத் தூக்கினார்கள். இதுவரை தரையில் தேடிக்கொண்டிருந்த குரல் அவர்களுக்கு எப்படியோ கிடைத்துவிட்டது. அழுகுரல் கேட்கவில்லை, ஆல்டர்மீட் ஏவிஸின் தங்கை ஐடோனியாவுக்கே உரியது என்று ஒவ்வொருவராகச் சத்தியம் செய்தார்கள். பெர்க்கின் எழுதி, அரக்கை உருக்கி ஊற்றினான். ஆஸ்பர்ட் ராஜாவின் முத்திரையை அழுத்தினான். ஐடோனியா சுவரில் சாய்ந்தபடி அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாளா என்று பெர்க்கினுக்குத் தெரியவில்லை, அவனுக்கே கண் சரியாகத் தெரியவில்லை.

"ஒழிஞ்சுது. கிளம்பு," என்றான் வாரின். "ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கிறோம்."

"முத்திரை காஞ்சிருச்சா?"

காலையிலிருந்து வாய் திறக்காத அமபெல் கேட்டாள். பெர்க்கின் அரக்கை விரலால் தொட்டுப் பார்த்தான். "காஞ்சிருச்சும்மா. இனிமே உளியை வெச்சாத்தான் பேரும்."

அவள் எழுந்து நின்றாள். "சாமி, கோயில் விஷயத்துல என் பேச்சு ஏறும் இல்லையா?"

"ஏறும்மா."

"அப்ப கேட்டுக்கோங்க. அந்தப் பிள்ளையை ஏந்தினது நான்தான். கண்ட்ரெட் ஒரு கையால தண்ணி ஊத்தினா. என் மடியிலதான் ஊத்தினா. பிஷப் முன்னாடி நின்னும் இதையே சொல்லுவேன், அவளும் சொல்லுவா."

வாரின் சிரிக்கப் பார்த்தான். "ஏய், அது நான் இட்டுக்கட்டினதுடி! இப்பத்தான், இந்த இடத்துல, என் வாயால..."

"பொய்னு நினைச்சுச் சொன்னீங்க, பிரபு. நிஜமா போச்சு." "இத்தனை நாள் உங்க பக்கத்துல உட்கார வெச்சுச் சோறு போட்டீங்க. குதிரை கதை பேசினீங்க, வல்லூறு கதை பேசினீங்க. உங்க பிள்ளை கடைசியா யார் கையில இருந்தான்னு ஒரே ஒரு வேளை கேட்டிருந்தா, இன்னிக்கு இந்தப் பொறியில காலை விட்டிருக்க மாட்டீங்க."

"தெரிஞ்சும் ஏண்டி இத்தனை நாள் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? பிள்ளைக்கு உயிர் இருந்துச்சுன்னு நான் சொன்னா எனக்கு விடுதலை. அதையே புடிச்சுக்கிட்டு நீங்க இந்தப் பொண்ணைத் தெருவுல நிறுத்தியிருப்பீங்க. ஏவிஸ் என் கையைப் புடிச்சுக்கிட்டே போனா. கடைசியா தங்கச்சி பேரைத்தான் சொன்னா."

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஐடோனியா அமபெலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கல்லறைத் தோட்டத்தில் தான் துப்பியது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொண்டாள்.

"தெரியுமா உங்களுக்கு?" என்று பெர்க்கின் உதட்டை அசைக்காமல் கேட்டான்.

"ஏந்தினது தெரியும். பேசுவாங்கன்னு தெரியாது," என்றான் ஆஸ்பர்ட்.

வாரின் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். கத்துவான், கத்தியை எடுப்பான் என்று எல்லோரும் பின்வாங்கினார்கள். ட்ரோகோகூட ஒரு அடி நகர்ந்துகொண்டான். வாரின் இரண்டையும் செய்யவில்லை. தொண்டையைக் கனைத்தான்.

"அழுதானா?"

அமபெல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "இல்ல. ஒரு பரலோக மந்திரம் சொல்ற நேரம் மூச்சு இருந்துச்சு. அழலை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்."

"வாரின்னு பேர் வெச்சீங்களா?"

"இல்ல. அவன் அம்மா வேற பேர் சொன்னா."

"என்ன பேர்?"

அமபெல் குனிந்து ஐடோனியாவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். பாவாடையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினாள். இரண்டு பெண்களும் கூடத்தின் நடுவே நடந்தார்கள். பன்னிரண்டு ஊர்க்காரர்களும் வழி விட்டு விலகினார்கள்.

"என்ன பேர் வெச்சீங்கன்னு கேக்கறேன்ல?"

அவர்கள் வாசலைத் தாண்டியிருந்தார்கள். அவன் இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக, கேட்டான்.